லயத்து வீட்டில் குடியிருக்கும் நம் வரலாறு

விடிவதற்கு முன்பே போடியில் ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளி, தலைத்துணி, மழைக்காலமென்றால் ஒரு பிளாஸ்டிக் தாள் இவற்றோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டில் கேரள எல்லையைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குள் பிரிந்து போவார்கள். பொழுது சாயும்போது அதே ஜீப்பில் திரும்புவார்கள். எங்கள் தெருவில் அந்த ஜீப்பில் ஏறாத வீடு கிடையாது. என் அம்மா இருபது வருஷம் ஏறினார்.

அவர்கள் எடுத்த காய் காய்ந்து, சலித்து, தரம் பிரித்து, போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்துக்கு வந்து சேர்கிறது. எந்த ஏல நிறுவனம் எத்தனை கிலோ கொண்டுவந்தது, எவ்வளவு விற்றது, அதிகபட்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்று எல்லாமே வாரியத்தின் இணையதளத்தில் நாள்வாரியாகக் கிடக்கிறது. சில வருஷங்களுக்கு முந்தைய விலையைக்கூடத் தேடி எடுத்துவிடலாம். காய்க்கு இருக்கும் இந்தப் பதிவேடு, காயை எடுத்த கைக்கு எங்கே இருக்கிறது?

எங்கள் மாலைப் படிப்பகத்துப் பிள்ளைகள் இந்தக் கேள்வியோடுதான் எட்டு வருஷத்துக்கு முன் ஒரு சமூக ஊடகப் பக்கம் தொடங்கினார்கள். ஜீப் கவிழ்ந்து இடுப்பு உடைந்த அக்காவின் பேச்சு அதில் இருந்தது. கூலியைப் பிடித்துக்கொண்டு சாதி சொல்லித் திட்டி அனுப்பிய கங்காணியைப் பற்றிய வாக்குமூலம் இருந்தது. 1989இல் போடியில் நடந்த சாதிக் கலவரத்தைக் கண்ணால் பார்த்த பெரியவர்களின் நினைவுகள், அலைபேசியில் பதிந்த ஒலியாக இருந்தன. தெருவிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளின் படங்கள் இருந்தன. ஒருநாள் காலையில் பக்கமே இல்லை. விதிமுறைக்கு மாறானது என்று ஒற்றை வரி. எந்தப் பதிவு, எந்த விதி என்று சொல்லவில்லை. வாக்குமூலத்தில் அந்த அக்கா தன்மீது வீசப்பட்ட வசைச்சொல்லை அப்படியே சொல்லியிருந்தார்; அந்தச் சொல்லை இயந்திரம் பிடித்துக்கொண்டதா, அல்லது எரிச்சலடைந்தவர்கள் கூட்டமாகச் சேர்ந்து புகார் கொடுத்தார்களா, இன்றுவரை தெரியாது. மேல்முறையீடு என்ற பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். பதிவுகளில் பாதிக்கும் மேல் வேறெங்கும் பிரதி இல்லை.

அதன்பிறகு கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், பி.எஸ்ஸி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, நம்மளே ஒரு வெப்சைட் கட்டிருவோம். எந்த சாஃப்ட்வேர்ல கட்டுறதுன்னு மட்டும் சொல்லுங்க."

ஆளுக்கொன்று சொன்னார்கள். காசில்லாமல் தளம் அமைத்துத் தரும் நிறுவனங்கள் பத்து இருக்கின்றன, இழுத்து இழுத்து வைத்தால் போதும், அரை மணிநேரத்தில் பளபளவென்று தளம் வந்துவிடும் என்றான் ஒரு தம்பி. அவன் சொன்னது பொய்யில்லை. செய்தும் காட்டினான். அழகாகத்தான் இருந்தது.

மூலையில் உட்கார்ந்திருந்த என் அம்மா, "எல்லாம் சரி, நாளைக்கு அவென் போகச் சொன்னா சட்டிபானையத் தூக்கிட்டுப் போக முடியுமா?" என்றார்.

அம்மாவுக்கு மென்பொருள் தெரியாது. லயம் தெரியும். மலையில் தோட்டக் கம்பெனி தரும் வரிசை வீடு. வாடகை இல்லை. தண்ணீர், விளக்கு எல்லாம் இருக்கும். வேலை இருக்கும்வரை வீடு. வேலை நின்றால், வயது ஆனால், வாயைத் திறந்து பேசினால் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை குடியிருந்தாலும் ஒரு சென்ட் பாத்தியதை கிடையாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அந்தப்பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் செத்தார்களே, அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தது அப்படிப்பட்ட லயங்களில்தான். தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள் அவை. அத்தனை காலம் அந்த மண்ணில் உழைத்தும், வேறிடத்தில் ஒரு வீடு கட்டிக்கொள்ளும்படி எதுவும் அவர்கள் பெயரில் இல்லை.

இலவசமாகத் தளம் தருகிறேன் என்கிற நிறுவனத்தின் இடம் லயம்தான். பெயிண்ட் நன்றாக இருக்கலாம். ஆனால் அதன் மென்பொருள் அவர்களுடையது, அவர்கள் கணினியில் மட்டுமே ஓடும். நீங்கள் வடிவமைத்த பக்கத்தை அப்படியே எடுத்துப்போய் வேறொரு இடத்தில் நிறுத்த முடியாது. ஆகவே, புதிதாகத் தளம் கட்டப்போகும் தோழர்கள் எது சுலபம், எது அழகு, எது இலவசம் என்பதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது அம்மா கேட்ட அந்தக் கேள்வியைத்தான்.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்லாக 'ஃப்ரீ' இருப்பதால், 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் நாற்பது வருஷமாக அந்தக் குழப்பத்தை விளக்கிக்கொண்டிருக்கிறார். தமிழில் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று நம்மவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஊர்க்கட்டு நினைவுக்கு வரும். ஊர்க்கட்டுப்பாடு என்ற பெயரில் யாருக்குக் கடையில் சாமான் கொடுக்கக்கூடாது, யாருக்கு வேலை கொடுக்கக்கூடாது என்று தீர்ப்பெழுதுகிற கட்டு. கட்டு என்றால் என்ன என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? கட்டற்றது என்றால் விலையில்லாதது என்று பொருளல்ல. எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதையும் திருத்தாததையும் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இந்த நான்குக்கும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்பதுதான் பொருள்.

இது நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு வேர்ட்பிரஸ் பிறந்த கதையே போதும். பி2 என்றொரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதியது. ஒரு கட்டத்தில் அவரிடமிருந்து சத்தமே இல்லை. வேலை நின்றுவிட்டது. அது ஒரு நிறுவனத்தின் பூட்டிய மென்பொருளாக இருந்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். அது ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால், அமெரிக்கரான மேட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த கறுப்பினத்தவரான மைக் லிட்டிலும் அந்த மூலநிரலை எடுத்து 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் என்று வெளியிட்டார்கள். இன்று உலகத் தளங்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. (வேர்ட்பிரஸ் என்றதும் எல்லாருக்கும் முதல் பெயர் நினைவிருக்கிறது, இரண்டாவது பெயரை எத்தனை பேர் சொல்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.) மறுபக்கம், யாகூ நிறுவனம் 2009இல் ஜியோசிட்டீஸை மூடியபோது கோடிக்கணக்கான பக்கங்கள் வீடிழந்தன. 2020 டிசம்பரில் யாகூ குழுமங்கள் மூடப்பட்டன. மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று தமிழர்கள் இணையத்தில் எழுதிப் பழகிய தொடக்ககால இடங்கள் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருந்தன.

சொந்த அச்சு எதற்கு என்ற கேள்வி நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். 1920இல் மூக்நாயக் தொடங்கிய அம்பேத்கர், காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட கேசரி மறுத்துவிட்டது என்று பதிவு செய்திருக்கிறார். பிறகு அவர் தமக்கென்று அச்சகமே நிறுவிக்கொண்டார். அடுத்தவர் அச்சில் நமக்கு ஒதுக்கப்படும் இடம் எப்போது வேண்டுமானாலும் காலியாகும் என்பதை நூறு வருஷத்துக்கு முன்பே கண்டவர்கள் அவர்கள்.

அடுத்தவர் அச்சு என்று இன்று நாம் நம்பியிருக்கும் நிறுவனங்களின் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தை ஒட்டி தேன்மொழி சௌந்தரராஜன் கூகுள் ஊழியர்களிடையே சாதியைப் பற்றிப் பேச ஏற்பாடாகியிருந்தது. உள்ளிருந்த சிலர் எதிர்த்ததும் அந்தப் பேச்சு ரத்தானது. அதை ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டு விலகினார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, தலித் பொறியாளர் ஒருவருக்கு நேர்ந்த சாதிப் பாகுபாட்டுக்காக சிஸ்கோ நிறுவனத்தின்மீது கலிபோர்னியா அரசு வழக்குப் போட்டது. சாதியைப் பற்றி ஒரு மணிநேரப் பேச்சை நடத்த முடியாத இடத்தில் நம் வாக்குமூலங்களைக் காலாகாலத்துக்கும் பத்திரமாக வைக்கலாம் என்று நம்புவது எப்படி?

அதற்காகக் கட்டற்ற மென்பொருள் உலகம் சாதியற்ற உலகம் என்று சொல்ல வரவில்லை. ஆங்கிலமும் ஓய்வு நேரமும் வீட்டில் கணினியும் உள்ளவர்கள்தான் இந்தியாவில் அதற்குள் முதலில் போனார்கள். ஆனால் அந்தக் கதவு சட்டப்படி பூட்டப்படாதது. அதைத் தள்ளித் திறந்தவர்கள் நம்மிலும் உண்டு. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் லினக்ஸைக் கொண்டுவரப் பாடுபட்டவர் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 2006-07 காலத்தில் எல்காட் அலுவலகக் கணினிகளையே முதலில் சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். அந்த தலித் அதிகாரி 2010இல் இடைநீக்கம் செய்யப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம் என்ன தெரியுமா? அவருடைய சாதிச் சான்றிதழ் செல்லாது என்பது. எதிர்ப்புக் கிளம்பிய பின் அந்த இடைநீக்கம் திரும்பப் பெறப்பட்டது. கணினித் துறையின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் வேறு கதை. கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் முழுக்கக் கட்டற்ற மென்பொருளில்தான். 2000களின் நடுவிலேயே 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இடுக்கி மலையில் அரசுப் பள்ளியில் படிக்கும் தோட்டத் தொழிலாளி மகள் பத்தாம் வகுப்புத் தேர்வையே லினக்ஸில் எழுதுகிறாள். கீழே போடியில் படிக்கும் அவளுடைய சித்தி மகளுக்கு லினக்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. 2011 முதல் தமிழ்நாடு அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது; எங்கள் தெருவில் அதைத் திறந்து பார்த்த பிள்ளையை நான் கண்டதில்லை. மடிக்கணினி மட்டும் வந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை.

சரி, தங்கை கேட்ட கேள்விக்கு வருவோம்.

எங்களுக்கு ஒத்துவந்தது வேர்ட்பிரஸ். காரணம் எளிது. எழுதப்போகிறவர்கள் ஆறேழு பேர், பெரும்பாலும் அலைபேசியிலிருந்து, நிரல் தெரியாதவர்கள். தமிழிலேயே கட்டுப்பாட்டுப் பக்கம் இருக்கிறது. மாட்டிக்கொண்டால் கேட்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. முக்கியமாக, எழுதியதையெல்லாம் ஒரே கோப்பாக வெளியே எடுக்கலாம். படங்களின் அடைவையும் தரவுத்தளத்தையும் பிரதி எடுத்தால் மொத்தத் தளமும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். வாடகை கொடுக்கும் சர்வர் நிறுவனம் மூஞ்சியைத் திருப்பினால் இன்னொரு நிறுவனத்தில் போய் அப்படியே இறக்கிவைக்கலாம். அம்மா கேட்ட சட்டிபானைக் கணக்கு இதுதான்.

இதில் முதல்முறை வருகிறவர்கள் எல்லாருமே இடறும் கல் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ் டாட் காம் வேறு, வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் வேறு. டாட் காம் ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. அங்கே கணக்குத் தொடங்கினால் அவர்கள் இடத்தில் குடியிருக்கிறீர்கள், அவர்கள் விதிதான். டாட் ஆர்க்கில் கிடைப்பது மென்பொருள். அதை நீங்கள் உங்கள் ஹோஸ்டிங்கில் நிறுவிக்கொள்ள வேண்டும். பழகிப் பார்க்க டாட் காமில் தொடங்கினாலும் குற்றமில்லை, அங்கிருந்து பதிவுகளை எடுத்துக்கொண்டு வெளியேற வழி இருக்கிறது. கூகுளின் பிளாக்கரும் பதிவுகளை எடுக்க விடுகிறது. ஆனால் பிளாக்கர் கடை மூடினால் அந்த மென்பொருளை நாம் வேறெங்கும் ஓட்ட முடியாது.

எல்லாருக்கும் வேர்ட்பிரஸ்தான் என்றும் இல்லை. தினமும் எழுதப்போவதில்லை, ஐம்பது துண்டறிக்கைகளையும் பத்துக் கட்டுரைகளையும் பத்திரமாக வைத்தால் போதும் என்றால், ஹியூகோ போன்ற ஒன்றில் வெறும் நிலைப்பக்கங்களாகச் செய்யலாம். தரவுத்தளம் இல்லை, உடைத்துக்கொண்டு உள்ளே வர வாசலும் அநேகமாக இல்லை. ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க ஒருவராவது பழக வேண்டும். ஆயிரக்கணக்கான ஆவணங்களைப் பலர் சேர்ந்து அடுக்க வேண்டுமென்றால், விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் திட்டம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம், பிரதி என்றால் என்னவென்று அறிந்த சமூகம். ஜூம்லாவும் துருபலும் நல்ல மென்பொருள்கள்தான், ஆனால் முதல் தளத்துக்கு வேண்டாம். மாட்டு வண்டி ஓட்டப் பழகும் முன் லாரி வாங்குவது போல ஆகிவிடும்.

காசு? மென்பொருளுக்கு ஒன்றுமில்லை. டொமைன் பெயருக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய், ஹோஸ்டிங்குக்குத் தனியாக. முதல் வருஷம் அடிமாட்டு விலைக்குத் தருவார்கள். இரண்டாம் வருஷத்து விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எங்களில் பத்துப் பேர் மாதம் ஒரு டீக்காசைப் போட்டதில் சமாளிக்கிறோம்.

செய்யக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம்களைத் திருட்டுத்தனமாக இலவசமாகத் தரும் தளங்கள் இருக்கின்றன. தெரிந்த தோழர்கள் சிலர் அப்படி ஒன்றை இறக்கினார்கள். மூன்றாம் மாதம் அவர்கள் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வந்தது. கட்டற்ற உரிமத்தில் ஆயிரக்கணக்கான தீம்கள் வேர்ட்பிரஸின் சொந்தக் கிடங்கிலேயே கிடக்கும்போது எதற்கு அந்த வேலை? பிளகின்களும் அப்படித்தான். கல்யாண வீட்டு இலை மாதிரி எல்லாவற்றையும் பரிமாறிக்கொள்ள வேண்டாம், நான்கைந்து போதும். வருகிற புதுப்பிப்புகளை உடனுக்குடன் போட்டால் பாதி ஆபத்து போய்விடும்.

எழுத்து விஷயத்தில் நம் இயக்கங்கள் தொடர்ந்து செய்யும் ஒரு தவறு என்னை அழவைக்கிறது. அறிக்கையை அழகாக வடிவமைத்து, படமாக மாற்றி, படமாகவே வெளியிடுகிறோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி படிக்காது, பார்வையற்ற தோழரின் கருவி வாசித்துக் காட்டாது, பத்து வருஷம் கழித்து ஆய்வு செய்ய வருகிற நம் பிள்ளைக்கு அகப்படாது. பழைய துண்டறிக்கைகளோ பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜிலேபி பிழிந்த மாதிரி தெரியும். ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சாக மட்டும் இருப்பவற்றை டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் தமிழிலும் படித்து எழுத்தாக்கித் தரும். தப்பு வரும், உட்கார்ந்து திருத்த வேண்டும். எங்கள் பிள்ளைகள் இரண்டு கோடை விடுமுறையை அதற்குக் கொடுத்தார்கள். தளத்துக்குத் தமிழ் எழுத்துரு தேடியபோது 'மீரா இனிமை' கிடைத்தது. அதைச் செய்து பொதுவில் வைத்தவர்கள் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற குழுவினர். மலைக்கு அந்தப்பக்கத்து மொழிக்காரர்கள் நம் எழுத்துக்கு ஒரு வடிவம் வார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பக்கத்தின் எடையையும் பாருங்கள். மலையில் சிக்னல் ஒரு வளைவில் தமிழ்நாட்டுக் கோபுரத்தில் இருக்கும், அடுத்த வளைவில் கேரளாவுக்குத் தாவும், மூன்றாவதில் காணாமல் போகும். ஓடும் படங்களும் தானாக இயங்கும் காணொளியும் வைத்த தளம் அந்த ஜீப்பில் திறக்காது. 2015இல் மூணாறில் பெண்கள் ஒற்றுமை என்று திரண்ட தோட்டத் தொழிலாளிகள் போராடியபின் தேயிலைக்கு நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது, ஏலத்தோட்டத்துக்கு 330 என்று முடிவானது. இதுபோன்ற செய்தி தினக்கூலிக்குப் போகும் பெண்ணின் கைக்கு அன்றைக்கே போக வேண்டும். ஆகவே தளத்தைச் சோதிக்க எங்கள் வீட்டிலேயே விலை குறைந்த, திரை கீறிய அலைபேசியைத்தான் எடுக்கிறோம்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதை விடச் சிரமமான ஒன்று சாவியை யார் வைத்துக்கொள்வது என்பது. எத்தனை இயக்கத் தளங்கள் செத்துப்போயின! மென்பொருள் கெட்டுச் சாகவில்லை. டொமைன் ஒரு தலைவர் பெயரில் இருந்தது. அவர் பிரிந்து போனார், அல்லது கோபித்துக்கொண்டார், அல்லது புதுப்பிக்க மறந்தார். கடவுச்சொல் ஒரே ஓர் அண்ணனின் அலைபேசியில் இருந்தது. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அலையும் பண்ணையார் குணம் நம்மிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எங்களிடம் மூன்று பேருக்கு முழு அதிகாரம், அதில் இருவர் பெண்கள் என்று தொடங்கும்போதே எழுதி வைத்தோம். டொமைன் புதுப்பிக்கும் தேதி படிப்பகச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது. மாதக் கடைசி ஞாயிறு பேக்கப் எடுத்து ஒரு பிரதி போடியிலும் ஒரு பிரதி தேவாரத்திலும் இருக்கிறது. பெண்பிள்ளைகள் எழுதுவார்கள், ஆண்பிள்ளைகள் 'டெக்னிக்கல்' பார்த்துக்கொள்வார்கள் என்று முதல் மாதமே ஒரு பேச்சு வந்தது. அதை அன்றைக்கே மடக்கினோம்.

"அண்ணே, எல்லாரும் ரீல்ஸ் பாக்குறாங்க, வெப்சைட்டுக்கு யார் வருவா?" என்று தம்பி இன்னும் கேட்கிறான். நியாயமான கேள்விதான். சந்தைக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. சந்தையில் கூவு, ஆனால் விதைநெல்லை அங்கேயே விட்டுவிட்டு வராதே. முதலில் நம் தளத்தில் போடுகிறோம், அதன்பிறகு சுட்டியை எல்லா இடத்திலும் பகிர்கிறோம். அங்கே பக்கம் பறிபோனாலும் மூலம் இங்கே இருக்கும்.

சொந்தத் தளம் என்றால் யாரும் தொட முடியாது என்றும் நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் தளமே முடக்கப்பட்டது. அந்தச் சித்திரத்தை நீக்கினால் தடையை விலக்க வேண்டும் என்று மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்ன பிறகுதான் திறந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. கட்டற்ற மென்பொருளுக்குள்ளும் அதிகாரச் சண்டை உண்டு. 2024 செப்டம்பரில் மேட் முல்லன்வெக்குக்கும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் மூண்ட சண்டையில், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கிலிருந்து புதுப்பிப்பு வருவதையே அவர் நிறுத்தினார். சம்பந்தமே இல்லாத சின்னத் தளங்கள் தவித்தன. ஆனாலும் அந்தத் தளங்கள் அழியவில்லை, மென்பொருள் அவர்கள் கையில்தான் இருந்தது. புதுப்பிப்பை வேறு வழியில் போட்டுக்கொள்ள முடிந்தது. லயத்திலிருந்து துரத்தப்படுவதற்கும் சொந்த வீட்டுக்கு வரும் குழாய்த்தண்ணீர் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

கற்றுக்கொள்ள எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: 2012 முதல் வரும் 'கணியம்' இதழில் தமிழிலேயே பாடங்கள் இருக்கின்றன. து. நித்யா எழுதிய எளிய தமிழ்க் கணினி நூல்களைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்களைக் கட்டணமின்றிப் பழக்குகிறது. பெங்களூரில் குடிசைப்பகுதிப் பிள்ளைகளுக்காகக் கட்டற்ற மென்பொருள் தோழர்கள் தொடங்கிய கணினி மையத்துக்கு அம்பேத்கர் பெயர்தான். தேனி மாவட்டத்தில் அப்படி ஒன்று வேண்டும். எங்கள் படிப்பகத்தில் இருப்பது மூன்று பழைய அரசு மடிக்கணினிகள். விண்டோஸ் முக்கி முக்கி ஓடியவற்றில் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டதும் மூச்சு வந்துவிட்டது.

தளம் போன தை மாதம் வெளியானது. அழிந்துபோன வாக்குமூலங்களில் நான்கை மறுபடி பதிந்திருக்கிறோம். மற்றவர்களில் இரண்டு பெரியவர்கள் இப்போது உயிரோடு இல்லை. ஜீப் விபத்தைப் பற்றிய பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள் தங்கை. பாதியில் அம்மா நிறுத்தினார். "அது ஆவணி இல்லத்தா. ஐப்பசி. அடமழ. எங்கூட செல்லமும் அந்த வண்டியிலதான் இருந்தா, அவ பேர விட்டுட்டீங்களே." தங்கை உட்கார்ந்த இடத்திலேயே அலைபேசியில் மாதத்தை மாற்றி, பெயரைச் சேர்த்து, மறுபடி முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.